வெள்ளமும் மனநோயரும்

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையிலே புகார் நகரத்துத் தெருவில் ஒரு பித்தன் திரிகின்றான். அலரிமாலையும் எருக்கமாலையும் அணிந்து, கந்தையோடு மரச்சுள்ளிகளையும் சேர்த்து உடையெனக் கட்டி, மேனியெங்கும் சாம்பல் பூசிக்கொண்டு, தன் நிழலோடு தானே பூசலிடுகின்றான். அவன் படும் துன்பத்தைக் கண்டு இரங்கியவராய்ச் சிலர் பின்னே நிற்கின்றனர். பித்தனைப் பாடியதோடு அமையாது, அவனைப் பார்த்துக்கொண்டு வாளா நிற்போரையும் சாத்தனார் பாடியிருப்பது அவர்தம் கண்ணின் கூர்மையைக் காட்டும்.

இப்பகுதியை வகுப்பிற் பாடங்கேட்டபொழுது எனக்கு ஒரு வினா எழுந்தது. அதே காப்பியத்திற் பின்னர்ப் புகார் நகரைக் கடல் கொள்கின்றது. அரசன் தன் மகனை இழந்த துயரால் இந்திர விழாவை மறந்தான் என்றும், அதனால் நேர்ந்த சாபம் அதுவென்றும் காரணம் கூறப்படுகின்றது. மாதவியும் சுதமதியும் அறவணவடிகளும் பிழைத்து வஞ்சி நகர் சேர்ந்தமையும் சொல்லப்படுகின்றது. தெருவிலே திரிந்த அந்தப் பித்தன் யாதாயினான்? காப்பியம் அவனைப் பற்றிப் பின் பேசவில்லை. கடல் வருகின்றது, ஓடு, என்று அவனுக்கு உரைத்தவர் யார்? உரைத்திருப்பினும், பிறருக்குக் கேளாத பல குரல்களை இடையறாது கேட்டுக்கொண்டிருந்த அவன் செவியில் அக்குரல் தனியே கேட்டிருக்குமா?

இதனைப் பழங்கதை என்று ஒதுக்குதற்கில்லை. புகார் இருந்த அதே கரையோரத்தை 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியது. அந்நாளைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் உயிர் பிழைத்தோரின் உள்ளத் துயரை ஆற்றுதற்கெனப் பலர் அங்கே சென்றனர். பெங்களூரிலுள்ள தேசிய மனநல நரம்பியல் நிலையத்தார் உள்ளூர்த் தொண்டர்களுக்கே பயிற்சி தந்து, வீடுதோறும் சென்று துயருற்றோரோடு பேசச் செய்தனர். இது போற்றத்தக்க பணி. ஆயினும் பேரிடரால் மனம் புண்பட்டார் வேறு, பேரிடர் வருமுன்னரே கடுமையான மனநோய் உடையார் வேறு. முன்னவர் பலர், அவர் துயரை யாவரும் எளிதில் உணர்வர், ஏனெனில் அது நமக்கும் வரக்கூடியது. பின்னவர் சிலர், வெள்ளம் வருமுன்னரே நாம் அவரை மறந்துவிட்டோம். போர் நிகழும் நாடுகளில் ஐவரில் ஒருவருக்கு ஏதேனுமொரு மனநோய் உளதென்றும், நூற்றுக்கு ஐவரளவில் அது கடுமையானதென்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் மதிப்பிட்டது. அந்த ஐவரைப் பற்றியே யான் எழுதப் புகுந்தேன்.

அவருள் ஒருவர் என் பெரியப்பா. உத்திரமேரூரை அடுத்த சிற்றூர் எங்களது. ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த இருபத்திரண்டாம் வயதில் அவருக்கு மனச்சிதைவு நோய் கண்டது. சுவருக்கு அப்பாலிருந்து ஆட்கள் தம்மைப் பேசுவதாக அவர் சொல்லத் தொடங்கினார். மந்திரிப்பும் விபூதியும் உபவாச ஜெபமும் முடிந்த பின்னர், காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தனர். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டு மாட்டையும் கொல்லையையும் பார்த்துக்கொண்டு, ஞாயிறுதோறும் ஆலயத்தில் கடைசிப் பலகையில் அமர்ந்து, அமைதியாய் இருந்துவந்தார். குரல்கள் முற்றும் ஓயவில்லை. தூரத்துச் சந்தை இரைச்சல்போல் ஆகிவிட்டன என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

2015-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழையை நம் மாவட்டத்தார் மறவார். டிசம்பர் முதல் நாள் தொடங்கிய ஒரே நாள் மழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. செய்தித்தாள்கள் சென்னையைப் பற்றியே எழுதின. அங்கே இழப்பு மிகுதியாதலின் அது குற்றமன்று. எங்கள் பக்கத்திலோ ஏரிகள் கலங்கல் வழிந்தன, தாழ்ந்த நிலங்கள் கடலாயின, மண்சுவர் வீடுகள் ஒவ்வொன்றாய் அமர்ந்தன. எங்கள் தெருவார் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்திற்குச் சென்றனர். எனக்கு அப்பொழுது ஒன்பது வயது. பள்ளிக்குச் செல்வதைத் திருவிழாவாகவே யான் கருதினேன்.

பெரியப்பாவின் மாத்திரை அதற்கு இரண்டு நாள் முன்னரே தீர்ந்திருந்தது. மாதத்திற்கொருமுறை தந்தையார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் சென்று வாங்கிவருவது வழக்கம், அம்முறை பேருந்தில்லை. ஒரே அறையில் அறுபது எழுபது பேர், குழந்தைகளின் அழுகை, இரவெல்லாம் பேச்சு, மண்ணெண்ணெய் விளக்கு. நலமுள்ளவர்க்கே தூக்கம் அரிது. அவர் மூன்றாம் இரவு முதல் உறங்கவில்லை. சுவரோரம் முன்னும் பின்னும் நடந்தார். நான்காம் நாள், அறையிலுள்ளோர் அனைவரும் தம்மைப் பற்றியே பேசுகின்றனர் என்று கூவத் தொடங்கினார். ஒரு வகையில் அது பொய்யுமன்று. அதற்குள் அவர்கள் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தனர். யாரோ ஒருவர் மாட்டுக் கயிறு கொண்டுவந்தார். அவர் கொடியவரல்லர். தம் பிள்ளைகள் அஞ்சுகின்றனர் என்பதே அவர் முறையீடு. தாழ்வாரத்துத் தூணைக் காட்டி, விடியும்வரை மட்டும், என்றார்.

என் பாட்டியார் எழுந்து தூணருகே சென்று நின்றார். எங்கள் பக்கத்து வழக்கில் ஆயா என்போம். “கட்டுவதானால் என்னையும் சேர்த்துக் கட்டுங்கள். இவனை நான் தனியாக விட்டதில்லை” என்றார். அதற்குமேல் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஊர் உபதேசியார் ஆலயத்தின் பக்கத்து அறையைத் திறந்துவிட, தந்தையாரும் ஆயாவும் அவரை முழங்காலளவு நீரில் அங்கே நடத்திச் சென்றனர்.

அங்கே இருள் இருந்தது, அமைதியும் இருந்தது. உணவுதான் வரவில்லை. பள்ளியில் பொட்டலம் வழங்கினோர், ஆளைக் கண்ணாற் கண்டே கொடுப்போம் என்று ஒரு விதி வகுத்திருந்தனர். ஏமாற்றுவோர் மலிந்த காலத்தில் அவ்விதியும் வேண்டியதே. ஆயா மகனை விட்டு வரவியலாது. மகன் வரிசையில் நிற்கவியலாது. ஆகவே கணக்கில் அவ்விருவரும் இலர். தந்தையார் தம் பொட்டலத்தை மூன்றாகப் பகுத்தார்.

கயிற்றைப் பற்றி ஒன்று கூறவேண்டும். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்பொழுதில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியிலே மனநோயர் இருந்த ஒரு கொட்டகையில் தீப்பற்றியது. தர்காவை நாடிக் குணம்பெற வந்தவர்கள் அவர்கள்; சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓடித் தப்பவியலவில்லை. 28 பேர் மாண்டனர். அதன்பின் உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மனநோயரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று தடுத்தது. 2018 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. எங்கள் பள்ளித் தூணில் அன்றிரவு கயிறு கட்டப்பட்டிருந்து, நீர் மேட்டுக்கும் ஏறியிருந்தால் என்னாகும் என்பதை ஏர்வாடிச் செய்தியைப் படித்த பின்னரே யான் எண்ணிப் பார்த்தேன். கட்டுவோர் விடியும்வரை என்றே கட்டுகின்றனர். தீயும் வெள்ளமும் விடியும்வரை பொறுப்பதில்லை.

நம் வேதத்திலும் ஒரு சங்கிலி உண்டு. மாற்கு சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரம் கடலிற் புயலை அமர்த்துவதோடு முடிகின்றது. ஐந்தாம் அதிகாரம், படகு அக்கரை சேர்ந்ததும் கல்லறைகளிடையே திரிந்த ஒருவன் எதிரே வருவதோடு தொடங்குகின்றது. ஊரார் அவனைப் பலமுறை சங்கிலியாற் கட்டியிருந்தனர். புயலைப் பற்றிய பிரசங்கங்கள் யான் பல கேட்டிருக்கின்றேன். அம்மனிதனைப் பற்றியவை சிலவே, அவற்றிலும் பன்றிகளே பெரும்பகுதி. அக்காலத்தார் பேய் என்றதை இக்காலத்தார் நோய் என்னலாமா என்னும் வாதத்திற்குள் யான் புகவில்லை. புயல் நின்ற பின்னரும் கரையிலே ஒருவன் எஞ்சியிருந்தான் என்பதும், குணமடைந்தவன் தம்மோடு வர விரும்பியும் ஆண்டவர் அவனை அவன் வீட்டாரிடமே அனுப்பினார் என்பதுமே என் கருத்திற்கு உரியவை.

இனி, மாத்திரை. மருத்துவம் பயிலாத யான் இதனை விரித்தல் தகாதெனினும், நோயர் உள்ள வீட்டார் யாவரும் அறிந்தவற்றைக் கூறலாம். மனச்சிதைவுக்குரிய மருந்தைத் திடீரென நிறுத்தினால் அடங்கியிருந்த நோய் சில கிழமைகளிலோ, சிலருக்குச் சில நாளிலோ திரும்பும். குளோசபின் என்னும் மருந்தை இரண்டு நாளுக்குமேல் விட்டவர் மீண்டும் பழைய அளவிலேயே விழுங்கலாகாது. சிறிய அளவிலிருந்து வைத்தியர் சொற்படி ஏற்றவேண்டும். லித்தியம் உண்பவர் உடம்பில் நீர் வற்றினால், அம்மருந்தே இரத்தத்தில் மிகுந்து நஞ்சாகும்; வெள்ளக் காலத்திலோ வயிற்றுப்போக்கு எளிதில் வரும். இரண்டு முதல் நான்கு கிழமை நிற்கும் ஊசிகளும் உள; மழைமாதம் வருமுன் வைத்தியரைக் கலந்து அவற்றைப் போட்டுக்கொள்வாரும் உளர். இவையெல்லாம் அரிய மருந்துகளல்ல. ஹாலோபெரிடால் போன்ற சில, பேரிடர்க் காலத்துக்கென உலக நாடுகள் வகுத்த மருந்துப் பெட்டியிலேயே இடம்பெற்றவை. சிறப்புப் பயிற்சியில்லாத பொது வைத்தியரும் தாதியரும் இந்நோயரைப் பார்த்துக்கொள்ளும் முறையை உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையமும் சேர்ந்து ஒரு கைந்நூலாக 2015-இல் வெளியிட்டன. நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த அதே ஆண்டு.

மருந்தை முன்னரே சேர்த்துவைத்தல் எங்கள் வட்டாரத்துக்குப் புதியதன்று. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் உளது. அங்குள்ள பெருமாள் கோயிற் கல்வெட்டு, வீரராசேந்திர சோழன் காலத்தது, ஏறக்குறைய 1068-ஆம் ஆண்டினது. அக்கோயிலைச் சார்ந்து பதினைந்து படுக்கைகளுடைய ஆதுலர்சாலை ஒன்று இருந்தது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்ந்து மருந்து இடுவார், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோருக்கு உரிய ஊதியத்தைக் கல்வெட்டு வரையறுக்கின்றது. அதனோடு, ஓராண்டுக்கு வேண்டிய மருந்துகள் இவையிவை என்று பெயர் சொல்லிச் சேமித்து வைக்கவும் ஏற்பாடு செய்கின்றது. அஃது ஊரார் அனைவருக்குமான ஆஸ்பத்திரியன்று. கோயிற் பள்ளியின் மாணாக்கருக்கும் பணியாளருக்குமே உரியது. ஆயினும் மூன்று ஆறுகள் பெருகும் இடத்தில் இருந்துகொண்டு ஓராண்டு மருந்தைக் கையில் வைத்திருந்த அறிவை யான் வியக்கின்றேன். தமிழ் பயில்வோர் உத்திரமேரூர் என்றதும் குடவோலைக் கல்வெட்டையே நினைப்பர். எனக்கோ பத்துக்கல் தொலைவிலுள்ள இதுவே மேலானதாகத் தோன்றுகின்றது. என் ஊரார் பொறுப்பாராக.

மருந்து ஒரு பாதி, மனிதர் மறுபாதி. 1947-இல் தேசம் பிரிந்தபொழுது லாகூர் மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்த இந்து, சீக்கிய நோயரை யாரும் உடனே நினைக்கவில்லை. இலட்சக்கணக்கானோர் எல்லை கடந்து மூன்றாண்டு சென்ற பின்னர், 1950-இல் ஏறக்குறைய 450 பேர் அமிர்தசரசுக்கு மாற்றப்பட்டனர். மண்டோ எழுதிய டோபா டேக் சிங் என்னும் கதை இத்தகைய மாற்றத்தைப் பற்றியது. அமிர்தசரசு ஆஸ்பத்திரியின் தலைவராயிருந்த வித்யாசாகர் என்னும் வைத்தியர், போதிய பணியாளர் இல்லாத நிலையில், நோயரின் உறவினரையே அழைத்து ஆஸ்பத்திரி மைதானத்தில் கூடாரமடித்துத் தங்கச்செய்தார். தாயும் மனைவியும் அருகிருக்க நோயர் விரைவில் தேறினர். நெருக்கடியிற் பிறந்த அந்த வழி, பின்னர் வழக்கமாயிற்று. நமக்கு அண்மையில், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் தொடங்கிய மனநல நிலையத்தில், நோயரோடு வீட்டார் ஒருவரும் தங்குவதே முறையாயிற்று. வைத்திய நூல் ஒன்றும் படியாமலே, தூணருகே நின்ற என் ஆயா அதனைத்தான் செய்தார் என்பதில் எனக்குச் சிறிது பெருமை உண்டு.

கடலுக்கு அப்பால் நம் மொழி பேசுவோர் வாழும் இலங்கையிலும் ஒரு பாடம் உண்டு. 2004-க்கு முன் அங்கே மனநோய் வைத்தியம் பெரும்பாலும் கொழும்பைச் சுற்றியே இருந்தது. வடக்கே போரின் நடுவில் யாழ்ப்பாணத்தில் தயா சோமசுந்தரம் போன்ற சிலரே அப்பணியை விடாது நடத்தினர். ஆழிப்பேரலைக்குப் பின் உலகத்தின் கண்ணும் பொருளும் அந்நாட்டின்மேல் திரும்பின. அப்பொருளைத் தற்காலிகக் கொட்டகைகளிலேயே செலவழித்து விடாமல், 2005-இல் மனநலக் கொள்கையொன்றை வகுத்து, மாவட்டந்தோறும் மனநல வைத்தியம் கிடைக்கும் வழியை விரித்தனர். இடர் கழிந்ததும் கலைந்துபோகும் உதவியைவிட இஃது எத்துணையோ மேல்.

மீண்டும் மணிமேகலைக்கு வருகின்றேன். இம்முறை நம் மாவட்டத்துக்கே. மழை பொய்த்து வருந்திய கச்சி மாநகருக்கு அவள் அமுதசுரபியோடு வருகின்றாள். கண்ணில்லாரும் செவி கேளாரும் முடவரும் பேசாரும் பிணியாளரும் வந்து கூடுகின்றனர். அள்ள அள்ளக் குறையாத உணவு யாவருக்கும் கிடைக்கின்றது. நம் இலக்கியத்தில் இதனினும் சிறந்த நிவாரண முகாம் இல்லை. ஆயினும் அங்கே உண்டோர், வந்தோரே. எங்கள் பள்ளியிலும் சோறு குறைவில்லை, குறைந்தது வேறு. மனநோய் முற்றியவன் வரிசைக்கு வாரான், வந்தாலும் நில்லான், நீட்டியதை நஞ்சென்று ஐயுற்றாலும் ஐயுறுவான். அவனுக்காகச் சுரபி எழுந்து நடக்கவேண்டும். அவன் எங்கே இருக்கின்றான் என்று அறிந்த ஒருவர் அதனைத் தாங்கிச் செல்லவேண்டும்.

எங்கள் ஊரில் அப்படிப்பட்ட ஒருவர் கிராமச் செவிலியர். 2020 மார்ச்சு 25 முதல் கொரோனாவால் ஊரடங்கு வந்து பேருந்துகள் நின்றபொழுது, எங்கள் சுற்றில் மனநோய் மாத்திரை உண்பார் யாவர் என்று அவ்வம்மையார் தாமே கேட்டறிந்து, காஞ்சிபுரம் செல்லும் வண்டியில் சொல்லியனுப்பி மருந்து வருவித்தார். பெயர்களை அவர் ஒரு சிறு நோட்டில் எழுதி, தம் பையிலேயே வைத்துக்கொண்டார். ஊர்ச் சுவரில் ஒட்டவில்லை. இதனை யான் மிக முக்கியமாகக் கருதுகின்றேன். வெள்ளம் வருமுன் ஊர்தோறும் பட்டியல் வேண்டும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அப்பட்டியல் தெருவுக்கு வந்தால் பெண்ணுக்கு வரன் தட்டும், பையனுக்கு வேலை தட்டும், வீட்டார் அடுத்த முறை பெயரே கொடார். பராந்தகன் காலத்திலேயே ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று ஓலையெழுதிக் குடத்திலிட்ட ஊர் உத்திரமேரூர். ஏரி பெருகினால் யார் எவரைக் கைப்பிடித்து நடத்திச் செல்வது என்பதற்கும் ஒரு வாரியம் இருக்கலாம். ஆனால் அதன் ஓலை வாய்மூடிய ஒருவர் கையில் இருத்தல் நலம்.

அவ்வாண்டு எங்கள் வீட்டுக்கு அவ்வம்மையாரின் உதவி சிறிதே வேண்டியிருந்தது. 2015-க்குப் பின் ஆயா ஒரு பிஸ்கோத்துத் தகரப்பெட்டியை அதற்கென ஒதுக்கியிருந்தார். வெள்ளத்துக்குப் பின் காஞ்சிபுரத்திலிருந்து மாத்திரை வந்த பிறகும் பெரியப்பா பழைய நிலைக்குத் திரும்ப மாசி மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதத்தை அவர் மறக்கவில்லை. ஆஸ்பத்திரி வைத்தியரிடம் நிலைமையைச் சொல்லி, ஒவ்வோர் ஐப்பசிக்கு முன்னும் ஒரு மாத மாத்திரை கூடுதலாக வாங்கி, நெகிழித்தாளிற் சுற்றி அதில் வைத்தார். பழையதை முதலில் உண்டு, புதியதை உள்ளே வைப்பது முறை. மருந்தின் பெயரும் அளவும் எழுதிய சீட்டு ஒன்று. ஆஸ்பத்திரிப் புத்தகத்தின் படி ஒன்று. காதில் வைத்துக்கொள்ளச் சிறிது பஞ்சு. பஞ்சு பெரியப்பா கேட்டது. பள்ளியறையின் இரைச்சலை நினைந்து கேட்டிருப்பார்.

ஆயா 2022-இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பெட்டி இப்பொழுது பெரியப்பாவின் பொறுப்பில் இருக்கின்றது. சென்ற விடுமுறையில் யான் ஊருக்குச் சென்றிருந்தபொழுது அவர் அதனைத் திறந்து மாத்திரைகளைத் திண்ணையிற் பரப்பி எண்ணினார். இருபத்தாறு இருந்தது. நான்கு குறைகின்றது, திங்கட்கிழமை காஞ்சிபுரம் போகும்பொழுது சொல்லி வாங்கவேண்டும் என்றார்.